வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு பதிவேடு

அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு ஓர் அட்டை தருகிறது. திட்டத்தின் பெயர் ஸ்னாப். வயதானவர்கள் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்றுதான் சொல்வார்கள். ஏறக்குறைய நாலு கோடிப் பேர் அந்த அட்டையை நம்பி மளிகை வாங்குகிறார்கள். ரொட்டி, பால், இறைச்சி, காய்கறி எல்லாம் வாங்கலாம். கொல்லையில் போட்டு வளர்க்கத் தக்காளி விதைகூட வாங்கலாம். ஆனால் நாய்க்கும் பூனைக்கும் தீனி வாங்க முடியாது.

மாதக் கடைசியில் கையில் காசு தீர்ந்ததும் வீட்டுக்காரர் தன் தட்டில் பாதியை எடுத்துக் கீழே வைக்கிறார். தள்ளாத வயதில் தனியாக இருப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் சாப்பாடு கொடுக்கும் ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’ அமைப்பின் தன்னார்வலர்கள் இதை நேரிலேயே பார்த்தார்கள். அவர்கள் கொண்டுபோன மதியச் சாப்பாட்டில் ஒரு பங்கு பூனைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பல ஊர்களில் அவர்களுடைய வண்டிகளிலேயே தீனிப் பையும் ஏறியது. 2008 பொருளாதாரச் சரிவில் வேலையையும் வீட்டையும் இழந்தவர்கள், வளர்த்த நாயைக் காப்பகத்தில் ஒப்படைக்க நேர்ந்த காலத்தில், செல்லப்பிராணிகளுக்கென்றே தனி உணவு வங்கிகள் முளைத்தன. ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் 2009இல் தொடங்கிய போங்கோ ஃபண்ட் அவற்றில் பேர்பெற்ற ஒன்று. 2020இல் கொரோனா வந்தபோது இந்த வங்கிகளின் வாசலில் நின்ற வரிசை இன்னும் நீண்டது.

‘மனிதனே பசித்திருக்கும்போது நாய்க்கு எதற்கு வங்கி?’ என்று ஊரில் என் உறவினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், தன் விலங்கை விட்டுப் பிரிய முடியாத மனிதரிடமே இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, மீட்புப் படகில் நாயை ஏற்ற மாட்டோம் என்றதால் படகில் ஏற மறுத்தவர்கள் பலர். மறு ஆண்டே, பேரிடர்க் காலத்தில் வீட்டு விலங்குகளையும் வெளியேற்றத் திட்டம் வகுக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நாயைப் பட்டினி போட்டுத் தான் மட்டும் சாப்பிடும் மனம் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. அதனால் நாய்க்குத் தீனி கொடுத்தால் அந்த வீட்டு மனிதரின் சாப்பாடும் முழுதாக அவர் வயிற்றுக்கே போகிறது.

நான் மதுரைக்காரி. ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். பிழைப்புக்குச் செய்வது டேட்டாபேஸ் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடக்கும் செல்லப்பிராணி உணவு வங்கியில் தன்னார்வலராக இருக்கிறேன். அங்கே பை தூக்கப் பலர் இருக்கிறார்கள். என் பங்கு பதிவேடு. யார் வந்தார்கள், அவர்கள் வீட்டில் எந்தெந்த உயிர்கள் இருக்கின்றன, என்ன கொடுத்தோம், கையிருப்பு எவ்வளவு என்பதைக் கணினியில் வைத்திருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் குமாஸ்தா வேலை. உள்ளே இருந்து பார்க்கும் எனக்கு, அந்த வங்கியின் உயிர்நாடி இதுதான் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நோட்டுப் புத்தகம் எங்கே திணறுகிறது

இப்படிப்பட்ட வங்கிகள் பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலோ எக்செல் ஷீட்டிலோதான் தொடங்குகின்றன. பெயர், தேதி, எத்தனை பை. இருபது பேர் வரும்வரை அது போதும். இருநூறு பேர் வரும்போது திணற ஆரம்பிக்கும்.

காரணம் எளிது. எக்செல் ஷீட்டில் ஒரு வரி என்பது ஒரு ஆள். ஆனால் வருகிறவரின் வீட்டில் ஒரு கிழட்டு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கலாம். அடுத்த மாதம் அந்தப் பூனைகளில் ஒன்று குட்டி போடலாம். ஒரே நாய்க்காக இந்த வாரம் கணவரும் அடுத்த வாரம் மனைவியும் வரலாம்; இருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதையெல்லாம் ஒரே வரியில் அடைக்கப் பார்த்தால் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் வீங்கிக்கொண்டே போகும். அதில் எழுதியதை யாரும் தேடி எடுக்க முடியாது.

நல்ல மென்பொருள் இதை நாலு தாளாகப் பிரித்து வைக்கிறது. முதல் தாள் வீடு. இரண்டாவது, அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொரு உயிர். மூன்றாவது, ஒவ்வொரு வருகை. நான்காவது, கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு பை. ஒரு வீட்டுக்குப் பல உயிர்கள், ஒரு உயிருக்குப் பல வருகைகள், ஒரு வருகைக்குப் பல பைகள் என்று கண்ணி கண்ணியாக நாலும் கோக்கப்பட்டிருக்கும். நம்மூர் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயருக்குக் கீழே ஒவ்வொருவரின் பெயரும் வயதும் இருக்குமே, அதுபோல இங்கே வீட்டுக்குக் கீழே ஒவ்வொரு நாயும் பூனையும் தன் பெயரோடு உட்கார்ந்திருக்கும். என் அப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதியவர் என்பதால் இந்த அமைப்பு எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம்.

விலங்கைப் பற்றி நிறையக் கேட்க வேண்டும்

பதிவேட்டில் எங்கே விரிவாக எழுத வேண்டும், எங்கே சுருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விலங்கின் தாள் விரிவாக இருக்க வேண்டும்.

முதல் கேள்வி: நாயா, பூனையா? இது அற்பமாகத் தெரியலாம். கையிருப்பில் பூனைத் தீனி இல்லாத நாளில், ‘நாய்த் தீனியையே கொடுங்கள், அதுவும் சாப்பிடும்’ என்று கேட்பவர்கள் உண்டு. ஓரிரு வேளைக்குப் பரவாயில்லை. மாதக்கணக்கில் போனால் ஆபத்து. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு தானாகத் தயாரித்துக்கொள்ளாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். நாய்த் தீனியில் அது பூனைக்குப் போதுமான அளவு இருக்கும் என்று உறுதி இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் பார்வை போகும், இதயம் வீங்கிப் பலவீனப்படும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர்கள் 1987இல் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அதன் பிறகு பூனைத் தீனி தயாரிப்பவர்கள் அந்தச் சத்தின் அளவைக் கூட்டினார்கள். அதனால் எங்கள் திரையில் பூனை என்று பதிவான உயிருக்கு நாய்த் தீனிப் பையை எழுத முயன்றால் சிவப்புக் கட்டம் வந்து தடுக்கும்.

இரண்டாவது கேள்வி: எடை எவ்வளவு? ‘நாய்க்கு ஒரு பை’ என்று எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பது நேர்மையாகத் தோன்றும். கணக்குப் போட்டால் அது அநியாயம். கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் உண்டு. கிலோவில் உள்ள எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கும்போது அந்த உயிருக்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி கிடைக்கும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை மேலும் 1.6ஆல் பெருக்க வேண்டும். 10 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 630 கலோரி வரும். கிலோவுக்கு 3,500 கலோரி உள்ள உலர் தீனி என்றால் நாளைக்கு 180 கிராம், மாதத்துக்கு ஐந்தரைக் கிலோ. 40 கிலோ நாய்க்கு மாதத்துக்குப் பதினைந்து கிலோ. எடை நாலு மடங்கு, தீனி மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவு. 4 கிலோ பூனைக்கோ மாதம் இரண்டு கிலோ போதும். மென்பொருள் இந்தக் கணக்கை நொடியில் போட்டுத் திரையில் காட்டிவிடும். பை தூக்கிக் கொடுக்கும் கல்லூரி மாணவருக்குச் சூத்திரம் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, வயதும் உடல்நிலையும். குட்டிக்கு வேறு தீனி, கிழத்துக்கு வேறு. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போகலாம். ஒருமுறை அப்படி வந்த பூனைக்கு மருத்துவர் சொன்ன தீனிதான் கொடுக்க வேண்டும். கோழி ஒத்துக்கொள்ளாத நாய்கள் இருக்கின்றன. போன மாதம் ஒரு வகை, இந்த மாதம் இன்னொரு வகை என்று திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். போன முறை என்ன கொடுத்தோம் என்பது திரையில் இருந்தால் கூடுமானவரை அதையே தேடி எடுத்துக் கொடுக்கலாம். இல்லாவிட்டால், பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றச் சொல்லி அனுப்பலாம்.

எடையை வருகைதோறும் குறித்து வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. எங்களிடம் வரும் ஒரு முதிய பெண்மணியின் பூனை பசியோடு நன்றாகச் சாப்பிடுகிறது என்று அவர் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் பார்த்தால் அதன் எடை மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தது. எங்கள் வங்கியை நடத்துபவர் கால்நடை மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். “வயதான பூனை நிறையச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டைப் பார்க்கணும்” என்று சொல்லி மலிவுக் கட்டண மருத்துவமனைக்கு அன்றே சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் சந்தேகப்பட்டதுதான் சரி. தீனி கொடுப்பதற்காக எழுதிய எண்கள் ஒரு நோயைப் பிடித்துக் கொடுத்தன.

மனிதரைப் பற்றிக் குறைவாகக் கேட்க வேண்டும்

வீட்டின் தாள் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பெயர், தொடர்புக்கு ஒரு தொலைபேசி எண், அஞ்சல் குறியீட்டு எண், வீட்டில் எத்தனை உயிர். இவ்வளவுதான் எங்கள் படிவம். சம்பளச் சான்று கேட்பதில்லை. குடியுரிமை கேட்பதில்லை. சமூகப் பாதுகாப்பு எண்ணை எழுத ஒரு கட்டமே கிடையாது.

கட்டம் இருந்தால் யாராவது அதை நிரப்பச் சொல்வார்கள் என்பது என் தொழிலில் நான் கண்ட உண்மை. பல மென்பொருள்கள் எழுபது எண்பது கேள்விகளோடு வருகின்றன. நன்கொடை தரும் அறக்கட்டளை என்றைக்காவது கேட்கும் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் பழக்கம் அது. வரிசையில் நிற்பவருக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு விசாரணை. உதவி கேட்டு வருவதற்கே பலருக்கு வாரக்கணக்கில் தயக்கம் இருந்திருக்கும். ‘இது யாருக்குப் போகும்?’ என்ற பயத்தில் பாதிப் படிவத்தில் எழுந்து போனால், நாயின் பசி அப்படியே இருக்கும்.

இதில் உயிருக்கே ஆபத்தான ஓர் இடமும் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்கள், நாயையோ பூனையையோ அந்த வீட்டில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் வெளியேறுவதைத் தள்ளிப்போடுவது நன்கு அறியப்பட்ட விஷயம். அவர்களுக்கும் அவர்களுடைய விலங்குகளுக்கும் சேர்த்துத் தங்குமிடம் தர நிதி ஒதுக்கும் சட்டம் 2018இல் அமெரிக்காவில் நிறைவேறியது. அப்படித் தப்பி வந்த ஒருவர் எங்கள் வரிசையில் நிற்கலாம். அவரைத் தேடும் கணவர் அடுத்த வாரம் அதே வரிசையில் நின்று, ‘என் மனைவி ஏற்கனவே பதிந்திருப்பாள், பாருங்கள்’ என்று கேட்கலாம். அதனால் முகவரி வாங்குவதில்லை. ஒருவரின் பதிவை இன்னொருவர் கேட்டால் ‘பார்க்க அனுமதி இல்லை’ என்ற பதில் மட்டும்தான். திரை வரிசையைப் பார்த்துத் திரும்பி இருக்கக் கூடாது. பை தூக்குபவரின் கைக் கணினியில் விலங்கின் பெயரும் தீனி அளவும் மட்டும் தெரியும். மனிதரின் பெயரும் எண்ணும் பதிவு மேசையில் இருப்பவருக்கு மட்டும். நெடுநாள் வராதவர்களின் விவரத்தை அழித்துவிடுகிறோம். மொத்த எண்ணிக்கை மட்டும் தங்கும்.

‘ஏமாற்ற மாட்டார்களா?’ என்று கேட்பார்கள். இல்லாத நாய்க்குப் பை வாங்கிப் போய் யாரும் பணக்காரர் ஆனதில்லை. கைபேசியில் நாயின் படத்தைக் காட்டச் சொல்கிறோம். எல்லோரும் பெருமையோடு காட்டுகிறார்கள். ஒரு படம் கேட்டால் பத்துப் படம் வரும். சரிபார்ப்பும் முடிந்துவிடும், வந்தவர் முகமும் மலர்ந்துவிடும்.

பையின் அடியில் ஓர் எண்

கிடங்கின் தாளைத்தான் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். நன்கொடையாக வரும் தீனி ஒரு சீராக வராது. கடைகளிலிருந்து ஓரம் கிழிந்த பைகள் வரும். நாய் இறந்துபோன வீட்டிலிருந்து பாதி தீர்ந்த பை வரும். 40 பவுண்டுப் பை, 15 பவுண்டுப் பை, டின், சின்னப் பாக்கெட் எல்லாம் கலந்து வரும். முதலில் எல்லாவற்றையும் எடை போட்டு ஒரே அளவைக்கு மாற்றிப் பதிய வேண்டும். ‘பன்னிரண்டு பை வந்தது’ என்ற பதிவால் ஒரு பயனும் இல்லை. எத்தனை பவுண்டு என்பதுதான் கணக்கு. காலாவதித் தேதி எது முன்னால் வருகிறதோ அது முதலில் வெளியே போக வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று தீனிப் பையின் அடித் தையலுக்கு அருகில் இருக்கிறது. மங்கிய கறுப்பு மையில், புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு வரி. தேதியும், பக்கத்தில் சில எண்களும் எழுத்துகளும். எந்தத் தொழிற்சாலையில் எந்தத் தொகுப்பில் அந்தத் தீனி தயாரானது என்பதைச் சொல்லும் லாட் எண் அது.

2007 மார்ச்சில் மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் தயாரித்த 6 கோடி டின்களும் பாக்கெட்டுகளும் திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 2020 டிசம்பர் 30 அன்று மிட்வெஸ்டர்ன் பெட் ஃபுட்ஸ் நிறுவனத்தின் ஸ்போர்ட்மிக்ஸ் தீனியைப் பற்றி எச்சரிக்கை வந்தது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் உண்டாகும் அஃப்லடாக்சின் நஞ்சு அதில் இருந்தது. அடுத்த சில வாரங்களுக்குள் 110க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்குத் தகவல் வந்து சேர்ந்தது. எந்தப் பை நஞ்சு, எந்தப் பை நல்லது என்று பிரித்துச் சொன்னது அந்த மங்கிய வரிதான்: காலாவதித் தேதி 2022 ஜூலை 9 வரை இருந்து, எண்ணில் ‘05’ என்ற குறியும் இருந்தால் கொடுக்கக் கூடாது.

கடையில் வாங்கியவருக்குச் செய்தி எப்படியாவது எட்டும். உணவு வங்கியில் வாங்கியவருக்கு? பெரிய பையைப் பிரித்துச் சின்னச் சின்ன ஜிப் கவர்களில் போட்டுக் கொடுத்திருந்தால் அவர் கையில் அச்சடித்த எண்ணே இருக்காது. தொலைக்காட்சியில் எச்சரிக்கை கேட்டாலும் தன் நாய் சாப்பிடுவது அதுதானா என்று அவரால் சொல்ல முடியாது. அதனால் பை உள்ளே வரும்போதே அதன் அடியைக் கைபேசியில் படம் எடுத்து, லாட் எண்ணைப் பதிந்து, பிரித்துப் போடும் ஒவ்வொரு கவரிலும் அந்த எண்ணை ஒட்டிவிடுகிறோம். எந்தக் கவர் எந்த வீட்டுக்குப் போனது என்பது வருகைத் தாளில் இருக்கிறது. எச்சரிக்கை வந்த அன்று எண்ணைத் தட்டினால் வீடுகளின் பட்டியல் வரும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி போகும். இதற்கு ஒரு பைக்கு அரை நிமிடம் அதிகம் ஆகும். அந்த அரை நிமிடத்தைத் தவிர்க்கலாம் என்று சொல்பவர்களிடம் நான் ஸ்போர்ட்மிக்ஸ் கதையைச் சொல்வேன்.

எந்த மென்பொருள்?

அமெரிக்காவில் மனிதர்களுக்கான உணவு வங்கிகள் பெரிய வலைப்பின்னலாக இயங்குகின்றன. ஃபீடிங் அமெரிக்கா என்ற கூட்டமைப்பில் மட்டும் 200 அளவில் உணவு வங்கிகள் இருக்கின்றன. அவற்றோடு இணைந்த சிறு மையங்களுக்கு லிங்க்டுஃபீட், பேன்ட்ரிசாஃப்ட், ஒயேசிஸ் இன்சைட் போன்ற மென்பொருள்கள் உண்டு. நியூயார்க்கில் வரிசையில் கால் கடுக்க நிற்காமல் கைபேசியிலேயே நேரம் குறித்துக்கொள்ள ப்ளென்டிஃபுல் இருக்கிறது. இன்னொரு பக்கம், விலங்குக் காப்பகங்களுக்கு ஷெல்டர்லவ், பெட்பாயின்ட், அனிமல் ஷெல்டர் மேனேஜர் ஆகியவை இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது திறந்த மூல மென்பொருள். தெரிந்தவர்கள் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

செல்லப்பிராணி உணவு வங்கி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முதல் வகைக்குக் குடும்பம் தெரியும், நாய் பெரும்பாலும் தெரியாது. நாயைக் குடும்ப உறுப்பினர் என்று பதிந்துவைத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது வகைக்கு நாயைத் தெரியும். ஆனால் காப்பகத்துக்குள் வந்து, தத்துப் போகும் நாயைத்தான் தெரியும். தன் வீட்டிலேயே இருந்துகொண்டு மாதாமாதம் பை வாங்கும் நாய்க்கு அதில் எளிதில் இடம் கிடைப்பதில்லை. அதனால் சின்ன வங்கிகள் ஏர்டேபிள், கூகுள் ஃபார்ம் போன்றவற்றைக் கொண்டு தாங்களே கட்டிக்கொள்கின்றன. எங்களுடையதும் அப்படித்தான்.

யார் கட்டினாலும் சில குணங்கள் இருந்தே ஆக வேண்டும். தேவாலய நிலவறையில் வைஃபை எட்டாது. இணைப்பு இல்லாமலும் பதிந்து, பிறகு சேர்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும். இரண்டாவது முறை வருபவருக்குப் பதிவு அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. சாவிக்கொத்தில் மாட்டும் ஒரு கியூஆர் அட்டை அதற்குப் போதும். எங்கள் பகுதியில் ஸ்பானிஷும் சோமாலியும் பேசுபவர்கள் வருகிறார்கள். திரையில் அவர்கள் மொழி இருக்க வேண்டும். விவரங்களை வேறு மென்பொருளுக்கு முழுதாக எடுத்துப் போக வழி இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் கடையை மூடினால் வங்கியின் நினைவும் அதோடு போய்விடக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். விலங்கின் தாளில் ‘இறந்தது’ என்று குறிக்க ஒரு பொத்தான் வேண்டும். அதை அழுத்திய நொடியில் அந்த உயிரின் பெயரில் போகும் எல்லாச் செய்திகளும் நிற்க வேண்டும். பதினைந்து வருடம் வளர்த்த நாயைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவரின் கைபேசிக்கு, ‘பஸ்டரின் இந்த மாத உணவு தயார்’ என்று ஒரு செய்தி போவதை நினைத்துப் பாருங்கள். விற்பனைக்கு வரும் மென்பொருள்களில் இந்தப் பொத்தானைத்தான் நான் முதலில் தேடுவேன். அது இருந்தால், கட்டியவர்கள் வரிசையில் நிற்பவரை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எண்கள் என்ன செய்கின்றன

மாத முடிவில் பதிவேடு ஒரு பக்கச் சுருக்கம் தருகிறது. எத்தனை வீடு, எத்தனை உயிர், எத்தனை பவுண்டு, எந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதி. பெயர் எதுவும் இருக்காது. அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் அறக்கட்டளைகளிடம் நிதி கேட்கிறோம். ‘பூனைத் தீனிதான் எப்போதும் பற்றாக்குறை’ என்று வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள். கையில் கணக்கோடு சொன்னால் லாரி வரும்.

கருத்தடை ஆகாத விலங்குகள் எந்தப் பகுதியில் அதிகம் என்பதும் அந்தப் பக்கத்தில் தெரியும். இலவசக் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி முகாமை எங்கே போடுவது என்று அதை வைத்து முடிவு செய்கிறோம். கருத்தடை செய்தால்தான் தீனி என்று நிபந்தனை போடும் வங்கிகள் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தீனிக்காக வந்த நம்பிக்கையில்தான் அடுத்த மாதம் அவர் தடுப்பூசிக்கும் வருகிறார். பதிவேட்டில் ‘இன்னும் இல்லை’ என்று குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அன்போடு நினைவூட்டுவதே அதிகப் பலன் தருகிறது.

தவறாமல் வந்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு மாதம் வராவிட்டால் பதிவேடு அதையும் எடுத்துக் காட்டும். ஒரு தொலைபேசி அழைப்பு போகும். பேருந்துக் காசு இல்லை, கால் உடைந்திருக்கிறது, வேலை கிடைத்துவிட்டது என்று ஏதாவது ஒரு பதில் வரும். வேலை கிடைத்தது என்றால் எல்லோரும் கைதட்டுவோம். கால் உடைந்தது என்றால் அப்போது மட்டும் முகவரி கேட்டுப் பையைக் கொண்டுபோய்க் கொடுப்போம். நாயைக் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்று அவர் முடிவெடுப்பதற்கு முன்னால் அந்த அழைப்பு போக வேண்டும். இந்த வேலையெல்லாம் அதற்குத்தான்.

தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கணினித் துறையில் இருக்கும் தமிழர்கள் ஏராளம். பகலெல்லாம் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் டேட்டாபேஸ் கட்டிக் கொடுக்கிறோம். உங்கள் ஊரில் ஒரு தேவாலயத்திலோ விலங்குக் காப்பகத்தின் கார் ஷெட்டிலோ இப்படி ஒரு வங்கி நடந்துகொண்டிருக்கலாம். அங்கே எழுபது வயதுப் பாட்டி ஒருவர், யாரோ எப்போதோ போட்டுக் கொடுத்த எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். போய்ப் பாருங்கள். போன உடனே மென்பொருள் கட்டத் தொடங்காதீர்கள். முதலில் சில வாரம் பை தூக்குங்கள். வரிசையில் நிற்பவர்கள் எந்தக் கேள்விக்குத் தயங்குகிறார்கள் என்று கவனியுங்கள். அந்தக் கேள்விகளை முதலில் நீக்குங்கள். பிறகு விலங்கின் எடையும், பையின் அடியில் உள்ள எண்ணும் பதிவாகிறதா என்று பாருங்கள். ஒரு சனிக்கிழமை மதியத்தில் அதை உங்களால் சரிசெய்துவிட முடியும்.

கணினி தெரியாதவர்கள் அடுத்த முறை தீனிப் பை நன்கொடை கொடுக்கும்போது, தயவுசெய்து பையைப் பிரிக்காமல், அச்சடித்த எண்ணைக் கிழிக்காமல் கொடுங்கள்.